பூசையில் வைத்த தூண்டில்

கலுகல்லைத் தோட்டம்,
குருவிட்ட.
அட்சய வருஷம், ஆயுத பூசையன்று பிற்பகல்.

மகாராஜஸ்ரீ மாமா வைத்தியலிங்கம் பிள்ளை அவர்கள் திருச்சமுகத்துக்கு, மருமகன் ஐயாவு தண்டனிட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் தங்கள் மகள் சுப்பம்மா ஆண்டவன் கிருபையால் சுகமாக இருக்கிறாள். நிறைமாதம் நெருங்குகிறது; வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாள், மாங்காய் கேட்கிறாள், என்னைத் திட்டவும் தெம்பு இருக்கிறது. அவ்விடம் கொடகவெலயில் தாங்களும் அத்தையும், தங்கள் தோட்டத்துச் சகல சனங்களும், தங்கள் கறவை மாடும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். என் சுகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை. நாளைக் காலை துரை என் கையில் வேலை நீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டு இறங்கு என்று சொல்லப் போகிறார். பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு இந்த மழையில் நான் எந்த ரோட்டில் போய் நிற்பது என்று தெரியவில்லை. எழுத்துக் கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான், பேனா நல்ல பேனா.

மாமா, தாங்கள் பெரியவர்கள். தங்களைக் குற்றம் சொல்ல என் நாக்குக் கூசும். ஆனாலும் இந்தக் கணக்கப்பிள்ளை வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்த அன்று, ஆள் எந்த ஊர் என்று எங்கள் துரை கேட்டதற்கு, முசிறி, காவேரிக்கரை என்று சொல்லித் தாங்கள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆற்றங்கரை ஆள் என்றால் மீன் பிடிக்கத் தெரியுமா என்று துரை சிரித்துக்கொண்டே கேட்டபோது, "அதுல புலிங்க துரை" என்று ஏன் சொன்னீர்கள்? நான் பக்கத்தில்தானே கைகட்டி நின்றேன்? வேலை கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் சைவக் குடும்பத்தில் முருங்கைக்கீரையில் ஒரு புழு நெளிந்தாலே அன்றைக்கு அடுப்பை அணைத்துவிடுவோம். காவேரியில் நான் செய்ததெல்லாம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டதுதான். அந்த ஆற்றில் மீன் இருந்ததா என்றுகூட எனக்குத் திட்டமாகத் தெரியாது. தண்ணீரில் நிற்கும்போது காலில் ஏதோ கடிக்கும், அது மீனாக இருந்திருக்கலாம்.

துரை அதை மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன். துரைமார் எதையும் மறப்பதில்லை மாமா, தக்க சமயத்துக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். துரைக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி. அந்தத் தம்பி அங்கே ஏரிகளில் பாஸ் என்று ஒரு மீனைப் பிடிக்கிறானாம். அது பெரிய வாய் உள்ள மீன், உயிருள்ள இரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காது, பளபளப்பாக எது ஓடினாலும் பாய்ந்து விழுங்கும். அதற்கென்றே கம்பு, நூல், பொய் இரை என்று படம் போட்ட புத்தகத்தைத் தம்பி அனுப்பிவைத்தான். அன்றிலிருந்து துரைக்குத் தேயிலைக் கொழுந்து நினைப்பும் இல்லை, செடி வெட்டுகிற கவ்வாத்து நினைப்பும் இல்லை. நம் குரு கங்கையில் சிங்களவர் லெஹெல்லா என்று சொல்லும் பெரிய கெண்டை கிடக்கிறதே, அதுவும் பாஸ் மீன் மாதிரிதான் பொய் இரைக்குப் பாயும் என்று துரை ஒரு முடிவுக்கு வந்தார். அதோடு, தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற விசிட்டிங் துரை கொழும்பிலிருந்து வரப் போகிறார், அவருக்கும் மீன் பைத்தியம், அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் குளிர வைத்தால் ரிப்போர்ட்டும் குளிர்ச்சியாக வரும் என்று ஒரு கணக்கு. இந்த நேரம் பார்த்துத் துரைக்கு மலேரியாக் காய்ச்சல். என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டு, கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "நீ ஆத்து ஆள். நீ கொழும்பு போ. நல்ல சாமான் பாத்து எடு" என்றார். எனக்குத் தெரியாது துரை என்று சொல்ல வாய் திறந்தேன். வந்த வார்த்தை "சரிங்க துரை" என்பதுதான். அந்த வாயை நான் என்ன செய்ய?

கொழும்புக் கோட்டையில் உள்ள வெள்ளைக்காரக் கடைக்குள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். அங்கே விற்பனைக்கு நின்ற பறங்கி மாத்தயா நல்ல மனிதர், ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை அடிக் கம்பு, முழு மரமா, மூங்கிலைச் சீவி ஒட்டினதா, நுனி இளக்கமா விறைப்பா என்று கேட்டார். ஒரு கம்பை எடுத்து என் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டினேன். நுனி பாம்பு மாதிரி நெளிந்து திரும்பி வந்து என் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. நெளிகிற எதுவும் எனக்கு ஆகாது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே கடையில் இருந்ததிலேயே விறைப்பான கம்பாக, கங்காணி கையில் பிடிக்கிற பிரம்பு மாதிரி வளையாத ஒன்றாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். நூல் விஷயத்தில் அவர் பின்னல் பட்டு நூல், மெழுகு பூசின நூல், இத்தனை ராத்தல் தாங்கும் அத்தனை ராத்தல் தாங்கும் என்று அடுக்கினார். எனக்குக் கொழுந்து நிறுக்கத் தெரியும், மீன் நிறுக்கத் தெரியுமா? எல்லாவற்றிலும் தடிப்பானதைக் கொடுங்கள், அறுந்தால் என் கழுத்துத்தான் அறும் என்றேன். பிறகு பொய் இரைப் பெட்டியைத் திறந்தார். மாமா, அதை நினைத்தால் இப்போதும் ஒரு தடவை குளிக்கத் தோன்றுகிறது. மரத்தில் செய்த மீன்கள், செதிலெல்லாம் வர்ணம் தீட்டி, கண்ணாடியில் கண் பதித்து, வயிற்றுக்குக் கீழே கொக்கி கொக்கியாகத் தொங்க, அத்தனையும் என்னையே பார்த்தன. றப்பரில் செய்த தவளை ஒன்று இருந்தது, அதைத் தொட்டால் கால் அசைந்தது. நான் தோளில் கிடந்த துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு துழாவினேன். அடியில் பித்தளையில் அடித்த தகடுகள் சில, அகப்பை மாதிரி குழிந்து, கண்ணும் இல்லாமல் செதிலும் இல்லாமல் கிடந்தன. அவையும் இரைதானாம், தண்ணீருக்குள் சுழன்று மின்னுமாம். பித்தளை என்றால் புளி போட்டு விளக்கினால் தீட்டுப் போய்விடும். ஆகவே அதில் ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் உள்ளது என்று துரை கேட்டால் காட்ட வேண்டுமே என்று மர மீனிலும் ஒரு பெட்டி வாங்கினேன், ஆனால் கடைக்காரரையே கட்டித் தரச் சொன்னேன்.

அவர் கட்டினது போதவில்லை. ரயிலில் வரும்போது பொட்டலம் பிரிந்து, ஒரு மர மீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புடவை வியாபாரி சாலி நானாவின் இடுப்புச் சாரத்தில் பாய்ந்து கவ்விக்கொண்டது. கழற்றப் போன என் வேட்டியில் மறு கொக்கி ஏறியது. இழுக்க இழுக்க இறுகுகிறது. நானா அவிசாவளையில் இறங்க வேண்டியவர். அவர் இறங்கினால் நானும் வேட்டியோடு இறங்க வேண்டும், அல்லது வேட்டி இல்லாமல் இருக்க வேண்டும். அவிசாவளையைத் தாண்டி எஹலியகொட வரை இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து வந்தோம். அங்கே ஸ்டேசனில் ஒரு தையல்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி வெட்டிவிட்டார்கள். நானா கோபப்படவில்லை. "தம்பி, இது மீனுக்கு வாங்கினதா, மனுசனுக்கு வாங்கினதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எதிர் ரயிலுக்குக் காத்திருந்தார். அவர் முகத்தில் விழிக்க எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் தங்கள் மகள் வாசலில் நின்று வழி மறித்தாள். அந்தப் பொட்டலம் உள்ளே வந்தால் தான் வெளியே போவதாகச் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், மர மீனின் கண்ணைப் பார்த்தால் பிள்ளைக்கு முழி பிதுங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பித்தளைத் தகடுகளை மட்டும், பாத்திரம்தானே என்று, கொக்கியில் படாமல் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிக் கொடுத்தாள். அதற்கு நான் நன்றி சொன்னதற்கும் ஒரு திட்டு விழுந்தது. மற்றதையெல்லாம் ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். அங்கே வைத்ததுதான் மாமா என் தலையெழுத்து.

இன்றைக்கு ஆயுத பூசை. மம்பட்டி, மண் கிளறுகிற முள்ளு, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துத் தராசு எல்லாவற்றையும் கழுவி ஸ்டோரில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. எனக்கோ மீன் தெரியாது, வாங்கினது சரியா தப்பா என்றும் தெரியாது, தெய்வம்தான் துணை, துரையின் தூண்டிலும் ஒரு ஆயுதம்தானே, பூசையில் வைத்தால் ஒன்றும் கெடாது என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் செய்தேன். இரண்டு கம்பையும் நடுவில் சாத்தி, நூல் சுற்றும் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, பித்தளைத் தகடு ஒவ்வொன்றுக்கும் குங்குமம் இட்டு, மர மீன் பெட்டிக்குத் தூரத்திலிருந்தே சாம்பிராணி காட்டினேன். பூசாரி மணி அடித்தார். லயத்து வீடுகளில் இருக்கிற வேலைக்காரச் சனமெல்லாம் கும்பிட்டது. மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, சுண்டல்கூடச் சாப்பிட்டேன்.

சுண்டல் தொண்டையில் இருக்கும்போதே துரையின் கார் சத்தம் கேட்டது. விசிட்டிங் துரை சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். காய்ச்சல் விட்ட எங்கள் துரை, இன்றைக்கே ஆற்றுக்குப் போகலாம் என்று கம்பை எடுக்க வருகிறார். நான் ஓடிப்போய்க் கம்பில் கை வைத்தேன். பெரிய கங்காணி நாகலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். மரியாதையாகத்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை. "அய்யா, சாமிகிட்ட வச்சதை மறுபூசை ஆகாம எடுக்கப்படாது. எடுத்தா எடுத்த கைக்குத்தான் கேடு" என்றார். பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் ஒருவன் பூசையன்றே கத்தியை எடுத்து விறகு வெட்டப் போய், காலை வெட்டிக்கொண்டு ரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லோருக்கும் நினைவு வந்துவிட்டது. என் கைக்கு என்ன கேடு வரும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆற்றில் துரையே போய்விடுவார் என்று இருளாயி என்ற பெண்பிள்ளை ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். முன்னால் துரை, பின்னால் சாமி, நடுவில் நான், என் கையைப் பிடித்தபடி பெரிய கங்காணி.

இரண்டு துரைமாரும் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் துரை தன் கம்பைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். இது என்ன என்று என்னைக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, அடுத்து நான் பேசினதை நான் பேசவில்லை, பயம் பேசியது. இது புதுக் கம்பு, இத்தனை நாள் கொழும்பில் உப்புக் காற்றில் இருந்த மூங்கில், மலைக்காற்றுக்கு ஒரு நாள் பழக வேண்டும், இன்றைக்கே எடுத்து வீசினால் ஒட்டு விட்டுவிடும் என்றேன். சந்தனம் எதற்கு என்றார். மூங்கிலுக்குச் சூடு என்றேன். எலுமிச்சம்பழம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். எங்கள் துரை இதையெல்லாம் விசிட்டிங் துரைக்கு இங்கிலீசில் சொன்னார். அவர் வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை எடுத்து, என்னை மேலும் கீழும் பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். எங்கள் துரை திரும்பும்போது என் தோளில் தட்டி, "நாளைக்கு நீ வா. நீ நூல் கட்டு. நீ இரை எடு. மீன் இல்ல, நீயும் இல்ல" என்றார். அவர் சிரிக்கவில்லை மாமா. நான் உற்றுப் பார்த்தேன், சிரிக்கவே இல்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாளை விஜயதசமி, விடிந்ததும் மறுபூசை, அது முடிந்த கையோடு ஆறு. நூலை எந்த ஓட்டையில் கோத்து எங்கே முடிச்சுப் போடுவது என்று எனக்குத் தெரியாது. வேட்டிக்குப் போடுகிற முடிச்சுத்தான் தெரியும். மீன் வராவிட்டால் வேலை போய்விடும். வந்தாலோ அந்தக் கொக்கியை அதன் வாயிலிருந்து கழற்றச் சொல்வார்கள், அப்போது என் உயிரே போய்விடும். கேட்கிற இரைச்சலைப் பார்த்தால் மலையில் நல்ல மழை, ஆறு நிறைந்து ஓடும், கரை முழுக்க அட்டை. இதில் எது முதலில் என்னைப் பிடிக்கும் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன், வரிசை பிடிபடவில்லை. சுப்பம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அப்பாவுக்கு எழுதுங்க, அவருதானே ஆரம்பிச்சு வச்சாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது மாமா. இந்த லயத்து வீட்டில் தொட்டில் கட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறாள்.

ஆகவே தங்கள் பாதத்தைப் பிடித்துக் கேட்கிறேன். தேயிலைப் பெட்டிப் பலகை ஏற்றிக்கொண்டு கொடகவெலப் பக்கம் போகிற அஸீஸ் நானாவின் லொறியில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கிடைத்தவுடன், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, அதே லொறியில் ஏறி விடிவதற்குள் வந்து சேருங்கள். வந்து எங்கள் துரையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன், என் மருமகனுக்கு மீனும் தெரியாது, நூலும் தெரியாது, கம்பும் தெரியாது, கொழுந்துக் கணக்கு மட்டும் தெரியும், அதைப் பிழையில்லாமல் போடுவான் என்று சொல்லுங்கள். தாங்கள் வெட்கப்பட வேண்டியிருக்கும். பெற்ற மகளுக்காக ஒரு தடவை வெட்கப்பட்டால் என்ன? தாங்கள் வராவிட்டால் நாளை மறுநாள் பெட்டி படுக்கையோடு நாங்கள் தங்கள் வாசலில் நிற்போம். பிரசவச் செலவும் தங்களுடையது, பிறகு பிள்ளை வளர்ப்பதும் தங்களுடையது. இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பயந்தவனின் வார்த்தையாக எடுத்துக்கொள்ளவும்.

அத்தை அவர்களுக்கு என் நமஸ்காரம். மகளுக்கு மாங்காய் இருந்தால் கொண்டுவரவும். முருகப்பெருமான் தங்களுக்கு நீண்ட ஆயுளும், இன்றைக்கு மட்டும் கொஞ்சம் வேகமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லால் வேலையில் சேர்ந்து, அதே சொல்லால் வேலையை விடப்போகும் மருமகன்,
மு. ஐயாவு.

பி.கு. – விஜயதசமி, சாயங்காலம். அஸீஸ் நானாவின் லொறி நேற்றுக் குருவிட்ட பாலத்தடியில் அச்சு முறிந்து நின்றுவிட்டதால் இந்தக் கடிதம் போகவில்லை. இன்றைக்குத்தான் போகிறது. மேலே எழுதின எதையும் மனசில் வைக்க வேண்டாம், தாங்கள் வரவும் வேண்டாம். குறிப்பாக எங்கள் துரையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டாம். காலையில் ஆற்றுக்குப் போனோம். எந்த இரை என்று துரை கேட்டார். தொடத் துணிந்தது ஒன்றுதான், பித்தளைத் தகடு. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, முடிச்சுப் போடாமல் நூலைத் துண்டால் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தினேன், துரையே பொறுக்காமல் கட்டிக்கொண்டார். விசிட்டிங் துரை மற்றக் கம்பில் மர மீனைக் கட்டி வீசி வீசிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. எங்கள் துரை வீசின தகடு சுழிக்கு அந்தப் பக்கம் மினுங்கிக்கொண்டு போனது, கம்பு ஒரு இழுப்பு இழுபட்டது, அதன் பிறகு நான் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உரக்க முருகா முருகா என்று கத்தினேன். திறந்தபோது, கரையில் சுப்பம்மாவின் உயரத்தில் பாதிக்கு ஒரு லெஹெல்லா கிடந்து துடித்தது. விறைத்த கம்பும் தடித்த நூலும் இல்லாவிட்டால் அந்த நீரோட்டத்தில் அது தப்பியிருக்கும், வேறு யாரும் இப்படித் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்று விசிட்டிங் துரை சொன்னாராம். எங்கள் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வேலை நிலைத்துவிட்டது, பிள்ளை பிறந்தால் வீட்டோடு ஒரு அறை சேர்த்துக் கட்டித் தருவதாகவும் சொல்லிவிட்டார். மீனை லயத்தார் தூக்கிப்போய்விட்டார்கள், நான் குளித்துவிட்டேன்.

ஆனால் மாமா, விசிட்டிங் துரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த வித்தையை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நான் பயத்தில் இருந்தேன். யாரையாவது சொல்லித் தொலைக்க வேண்டும். கொடகவெலயில் என் மாமா இருக்கிறார், அவருக்கு முன்னால் நான் தூசு என்று சொல்லிவிட்டேன். விசிட்டிங் துரை அடுத்ததாகச் சுற்றிப் பார்க்க வேண்டிய தோட்டம் தங்களுடையதுதானாம். தங்கள் துரைக்குத் தந்தி போய்விட்டது. வருகிற வாரம் அவர் அங்கே வருகிறார், தங்கள் பக்கத்து ரக்வானை ஆற்றுக்குப் புதுக் கம்பும் நூலும் இரையும் தாங்களே கொழும்புக்குப் போய்ப் பார்த்து எடுத்துவர வேண்டும், பிறகு தாங்களே கூட நின்று பிடித்துக் காட்டவும் வேண்டும். தங்கள் தோட்டத்து ரிப்போர்ட்டை ஆற்றிலிருந்து திரும்பின பிறகுதான் எழுதுவாராம். பயப்படாதீர்கள் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை.